இடக்கையும் ஈ கார்டும்

ஏ மைனர் கார்டு வந்துவிட்டது. அதற்கென்ன, அது யாருக்கும் வரும், நடுவிரலை மேல்தந்தியில் இரண்டாம் கட்டத்தில் வைத்தால் ஆயிற்று, பள்ளிக்கூடப் பிள்ளைகூட வைத்துவிடும். ஜி வந்துவிட்டது, மூன்று விரலும் முக்கோணமாக உட்கார வேண்டியது, உட்கார்ந்துவிட்டது. எஃப் வந்தது, வரும்போது ஆள்காட்டி விரல் லேசாக ஆடியது, ஆடட்டும், அதற்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தை அபயாம்பாள் சில வாரங்களாகப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அடுத்தது ஈ. ஈயைப் போடவில்லை. மறுபடி ஏ மைனர், ஜி, எஃப், அப்புறம் ஒன்றுமில்லை. படியிறங்குகிற மாதிரி கார்டு கார்டாக இறங்கி வந்தவள் கடைசிப் படியில் காலை வைக்காமல் நிற்கிறாள். பேரில்தான் அபயம், ஊரிலிருக்கிற பயமெல்லாம் அவளிடம்தான் குடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று, கூடத்தில் கலியபெருமாள் ஃபேனுக்கு நேர் கீழே பாயை விரித்துப் படுத்துவிட்டார், குறட்டை ஒரே சீராக வருகிறது, வெயில் தாழ்ந்தால்தான் எழுந்திருப்பார், எழுந்ததும் காப்பி கேட்பார். சொந்த வீட்டில், கட்டின புருஷன் தூங்கும்போது, ஒரு பொம்பளை படுக்கையறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஏதோ திருட்டுத்தனம் என்றுதான் நினைப்பார்கள். திருட்டுத்தனம்தான். விரல் ஆடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்ல வேண்டும், வாயால் சொல்லிவிட்டால் அது வந்துவிடும். இப்போது வரவில்லையா? வரவில்லை. அப்பாவுக்கு வந்தது வேறு, இது வேறு. இத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்க்கிறாள், எத்தனையோ வியாதியின் பேரை ஃபைலில் பார்த்து மளமளவென்று படிப்பாள், அப்பாவுக்கு வந்ததன் பேரை மட்டும் மனசுக்குள்கூட "அது" என்றுதான் சொல்வாள். எஃப் இன்னும் விரலடியிலேயே இருந்தது. தந்தி பதிந்த இடம் எரிந்தது. விரலை எடுத்துவிட்டு உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

இந்த உகுலேலே, நாலு தந்தி வைத்த குட்டி கிடார், மகளுடையது. நறுமுகை காலேஜில் படிக்கும்போது ஆசை ஆசையாக வாங்கி, ரெண்டு மாதம் டிங்டிங் என்று தட்டிவிட்டு, வேலை கிடைத்து பெங்களூர் போனபோது பீரோ மேல் கடாசிவிட்டுப் போனாள். ஒட்டடை அடிக்கும்போது கையில் வந்தது. சும்மா ஒரு தந்தியைத் தட்டினாள், இடது கை தானாகப் போய்க் கழுத்தைப் பிடித்துக்கொண்டது, அந்தக் கைக்கு என்ன ஞாபகம் பாருங்களேன். சின்ன வயதில் மாயவரத்தில் பத்து வருஷம் ஃபிடில் கற்றுக்கொண்ட கை. அப்புறம் நர்ஸிங் படிப்பு, ஹாஸ்டல், கல்யாணம், நைட் டூட்டி என்று ஃபிடில் எங்கே போனது என்றே தெரியவில்லை. போனில் உகுலேலே என்று தேடினால் கோட்டயத்துப் பெண் ஒருத்தி சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுக்கிறாள், அவள் ஒரு நாள் ஃபிளமெங்கோ என்றாள், ஸ்பெயின் நாட்டுச் சங்கதி, நாலே நாலு கார்டு, மேலிருந்து கீழே இறங்கி வந்தால் போதும் என்றாள், முதலில் ஸ்கேலைக் கேளுங்கள் என்று ஒவ்வொரு சுரமாக வாசித்தாள். அபயாம்பாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அட, இது நம்ம வகுளாபரண ராகம் இல்லையா! அதே சின்ன ரிஷபம், அதே பெரிய காந்தாரம். கீழே இறங்கும்போது மட்டும் சின்ன காந்தாரமும் திருட்டுத்தனமாக ஒரு எட்டு வந்துவிட்டுப் போகிறது. எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு இதை யார் சொன்னார்கள் என்று அன்றைக்குப் பூரா சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷத்தில் செய்த கோளாறையும் சொல்ல வேண்டும். முதல் கார்டு ஏ, அதனால் ஏதான் ஆதார சுருதி என்று எண்ணிக்கொண்டு போனில் தம்பூராவை ஆறு கட்டையில் ஓடவிட்டு ஒரு வாரம் மாரடித்தாள். நம்மவர்களைத் தவிர யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். இறங்கி இறங்கி வந்து ஈயில் நின்றால் யார் வீட்டு வாசலிலோ செருப்பைக் கழற்றிவிட்டு முழிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, இந்தச் சங்கீதத்துக்கு வீடே ஈதான், கடைசியில் வருவதுதான் ஸா. தம்பூராவை மூன்று கட்டைக்கு இறக்கினாள், எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது, ஈயைத் தவிர. மற்ற கார்டெல்லாம் வழி, ஈதான் வீடு, அந்த வீட்டுக்குள் போகத்தான் அவளால் முடியவில்லை. நாலாம் கட்டத்தில் மேல் மூன்று தந்தியையும் ஒரே மோதிர விரலைப் படுக்கவைத்து அழுத்த வேண்டும், கடைசித் தந்தியில் இரண்டாம் கட்டத்தில் ஆள்காட்டி விரல். கஷ்டமாக இருந்தால் ஈ செவன் போட்டு ஒப்பேற்றலாம், நிறையப் பேர் அப்படித்தான் தப்பிக்கிறார்கள் என்று கோட்டயத்துப் பெண் சிரிக்கிறாள். தப்பிக்கலாம். எதிலிருந்து? இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. ஃபிடிலில் ஒரு நேரத்துக்கு ஒரு சுரம், கொஞ்சம் பிசகினாலும் வழித்துக்கொண்டு போய்ச் சரிபண்ணிவிடலாம், யாருக்கும் தெரியாது. கார்டு அப்படியில்லை, மூன்று சுரம் சேர்ந்து நிற்கிறது, ஒன்று தடுமாறினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

அப்பா டிராயிங் மாஸ்டர். கரும்பலகையில் ஒரே இழுப்பில் வட்டம் போடுவார். அவருக்கு எந்தக் கையில் முதலில் வந்தது? வலது. எந்த வயதில்? வேண்டாம், அந்தக் கணக்குக்குள் போக வேண்டாம், போனால் வயது ஏறக்குறைய இதே வயதில் வந்து நிற்கும், எத்தனை தடவை போட்டுப் பார்த்தாகிவிட்டது. முதலில் சாக்பீஸ் ஆடியது, பிள்ளைகள் சிரித்தார்கள், வயதாகிவிட்டது என்று அவரும் சிரித்தார். சும்மா இருக்கும்போது ஒன்றும் ஆடாது, ஏதாவது செய்யப் போனால்தான் ஆடும், அதுதான் அதன் குணம். சித்தப்பா மகன் கல்யாணத்தில் பந்தி. அவள் அப்பாவுக்குப் பக்கத்து இலை. சாம்பார் சாதம் வரைக்கும் எப்படியோ போய்விட்டது, ரசம் ஊற்றினார்கள். அப்பா ஒரு கை அள்ளினார், இலையிலிருந்து வாய்க்கு வருவதற்குள் பாதி சிந்திவிட்டது, மறுபடி அள்ளினார், சட்டையில் சிந்தியது. எதிர்ப் பந்தியில் ஒரு குட்டிப் பெண் தன் அம்மா தோளைத் தட்டிக் காட்டினாள். அந்த அம்மா பிள்ளையின் தலையைத் திருப்பிவிட்டாள், திருப்பிவிட்டு அவள் பார்த்தாள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. போதும்மா, பசியில்லை என்று இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார், பாயசம்கூட வரவில்லை. அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. வீட்டிலும் எல்லாரும் எழுந்த பிறகுதான் வருவார். "எல்லாரும் சாப்ட்டாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும், ஆச்சுப்பா என்று சொன்னால்தான் எழுந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஸ்பூனால் சாப்பிடுவார். அந்த ஸ்பூன் தட்டில் படும் சத்தம். டகடகடக. ஐயோ, அந்தச் சத்தம். அடுக்களையில் அம்மா குழாயைத் திறந்துவிட்டுவிடுவாள், தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் அது கேட்காமல் இருக்கட்டும் என்று. அப்போது அபயாம்பாளுக்கு அப்பாமேல் கோபம் வந்தது, இப்போது சொல்வதற்கு என்ன, கோபம்தான் வந்தது, கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் நிற்காதா, இவர்தான் இடம்கொடுக்கிறார் என்று. இப்போது அவளே அழுத்திப் பிடிக்கிறாள். மோதிர விரலை வெறுமே நாலாம் கட்டத்துக்கு மேலே கொண்டுபோய்த் தந்தியைத் தொடாமல் வைத்துப் பார்த்தாள். நகம் ஆடியது. ஆடியதா? வெளியே லாரி போனது, கட்டில் அதிர்ந்திருக்கும். லாரி போய்விட்டது. கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு இடது கைதான் கை. சாப்பிடுவது வலது, கொடுப்பது வாங்குவது வலது, விபூதி குங்குமம் எடுப்பது வலது, அதெல்லாம் அடித்துப் பழக்கியது. ஃபிடில் டீச்சர்கூட வில்லை இடது கையில் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அதனால்தான் அவளுடைய நல்ல கை தந்திப் பக்கம் போயிற்று, அதுவும் நல்லதற்குத்தான். ஆனால் ஊசி மட்டும் இடது. கும்பகோணத்தில் அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் பச்சைக்குழந்தை வார்டு அவள் பொறுப்பு. சுண்டுவிரல் பருமன் கையில், நூல் மாதிரி ஓடுகிற நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும், டாக்டர்களே கையை எடுத்துவிட்டு அபயா சிஸ்டரைக் கூப்பிடுங்கள் என்பார்கள். முதல் தடவை பார்க்கிற தாய்மார்களுக்கு முகம் சுளித்துப் போகும். "எடது கையாலயா சிஸ்டர் குத்துவீங்க? பச்சப்புள்ளைக்கு?" என்று ஒரு பாபநாசத்து அம்மாள் ஊசியையே பிடித்துக்கொண்டாள். "குத்துனதுக்கப்புறம் எந்தக் கைன்னு புள்ள கேக்கப்போவுதா?" என்றாள் இவள். ஒரே குத்து. மறுநாள் அதே அம்மாள் வார்டு வாசலில் நின்று, "அந்த எடக்கை சிஸ்டர் எங்க? அவங்கதான் வரணும்" என்று கத்தினாள். இடக்கை சிஸ்டர். பேரே அப்படி ஆகிவிட்டது. அதில் அவளுக்கு எவ்வளவு பெருமை என்பதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது, ஆனால் அது மட்டும் இல்லையென்றால் அவள் யார்? புடவைக்குள் ஒளித்துவைத்த கையோடு ஒரு பொம்பளை. அந்தக் கை ஆடினால்? ஊசி முனை நரம்பின் மேல் சுவரைத் துளைத்துக் கீழ்ச் சுவரையும் துளைத்துவிடும், மருந்து வெளியே இறங்கும், அந்தச் சின்னக் கை நீலம் பாரித்து வீங்கும், குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, வாயைத் திறந்து அழத்தான் தெரியும். ஐயோ சாமி. ஆனால் அப்படி ஆகவில்லையே. இதோ பாருங்கள், இதுதான் அவளுடைய பெரிய ஆறுதல், பயம் தொண்டைவரை வரும்போதெல்லாம் இதைத்தான் எடுத்துப் பார்த்துக்கொள்வாள். இத்தனை வாரத்தில் வார்டில் ஒரு குத்தும் தப்பவில்லை. நேற்றுக்கூட ரெண்டு குழந்தைக்குப் போட்டாள், ரெண்டும் ஒரே தடவையில் ஏறியது. வியாதி என்றால் வீட்டுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று வருமா? வராது. மூன்றாவது மாடியில் நரம்பு டாக்டர் உட்கார்ந்திருக்கிறார், போய்க் கையை நீட்டினால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். போனால் லிஃப்ட்காரனுக்குத் தெரியும், லிஃப்ட்காரனுக்குத் தெரிந்தால் கேன்டீனுக்குத் தெரியும். அதுவுமில்லாமல் ஒன்றுமில்லாததற்கு எதற்குப் போக வேண்டும்?

"அபயா!" கூடத்திலிருந்து குரல். குறட்டை எப்போது நின்றது? உகுலேலேயைத் தலையணைக்கடியில் தள்ளினாள், அது டொங்கென்றது. "என்ன, கதவு சாத்தியிருக்கு?"

"பொடவ மாத்துறேங்க."

"இந்நேரத்துல எங்க போவப்போற?"

"எங்கயும் போகல. ரசம் கொட்டிப்போச்சு."

ரசம் என்று ஏன் வாயில் வந்தது? வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா, காப்பி, எண்ணெய், குழம்பு, ஆயிரம் இருக்கிறது, போயும் போயும் ரசம். சொம்பிலிருந்து தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது, பாய் முனகியது, கொஞ்ச நேரத்தில் மறுபடி குறட்டை. பாவம் மனுஷன், பொய் சொல்கிறாள் என்று தெரியாது. அல்லது தெரியுமா? அவளுக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது, கூடத்தில்தான் இருக்கிறது, போகவில்லை.

காரணம். எஃப் ஆடுவதற்கான காரணம். அதை எடுத்து மறுபடி அடுக்கினாள். எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் எந்தச் சுரத்தில் உட்காருகிறது? எஃப்பில். ஈயை ஸா என்று வைத்துக்கொண்டால் எஃப் என்ன? ரிஷபம், சுத்த ரிஷபம். பத்து வருஷம் ஃபிடில் பிடித்த விரல் ரிஷபத்தை மொட்டையாக வைக்குமா? வைக்காது. அசைக்கத்தான் செய்யும். சுரத்தை அசைக்காமல் வாசித்தால் காது ஒத்துக்கொள்ளாது, அது நம்முடைய கமகம், ரத்தத்தில் ஊறினது, ஸ்பெயின் நாட்டுக்காரனுக்கு இல்லாத கோளாறு இது. ஆக, விரல் ஆடவில்லை, விரல் பாடுகிறது. இந்த வாக்கியத்தை முதல் தடவை கண்டுபிடித்த அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷ அழுகை, போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். ஜியில் நடுவிரல் கொஞ்சம் ஆடுகிறதே, அது? பக்கத்து விரல் ஆடினால் இதுவும் ஆடத்தான் செய்யும். காலையில் ஊசியில் நூல் கோக்கும்போது? கண்ணாடி போடவில்லை. டம்ளர்? டம்ளர் சூடு. எல்லாவற்றுக்கும் ஒன்று இருந்தது, எதிலும் பழுதில்லை, அப்புறம் எதற்கு ஈயைப் போட இவ்வளவு நடுக்கம்? ஏனென்றால் அவள் ஈயிடம் பூக்கட்டிப் பார்க்கிறாள். சிவப்புப் பூ வந்தால் நல்லது, வெள்ளைப் பூ வந்தால் இல்லை என்று கோயிலில் பொட்டலம் எடுக்கிற மாதிரி, ஈ சுத்தமாகப் பேசினால் ஒன்றுமில்லை, கரகரத்தால் "அது". இதை யார் ஏற்படுத்தினார்கள்? அவளேதான். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள், ஆனால் ஒரு தடவை சாமியிடம் கேட்டுவிட்டு பொட்டலத்தைப் பிரிக்காமல் வரமுடியுமா? தினம் பிரிக்கிறாள். தினம் கரகரக்கிறது. புதுசாகக் கற்றுக்கொள்கிற எல்லாருக்கும் கரகரக்கும் என்று கோட்டயத்துப் பெண்ணே சொல்லியிருக்கிறாள், அதனால் அந்தப் பூ செல்லாது, நாளைக்குப் பார்க்கலாம். அந்த நாளைக்கு இன்றைக்கு வந்து நிற்கிறது.

தலையணைக்கடியிலிருந்து எடுத்தாள். போனில் தம்பூராவை மெதுவாக வைத்தாள், மூன்று கட்டை, காதுக்குப் பக்கத்தில். ஏ மைனர், வலது கை விரல்களை ஒவ்வொன்றாக விசிறித் தட்டினாள், அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் தட்டுவார்களாம், சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி. ஜி. எஃப், ஆடட்டும் ஆடட்டும், பாடுகிறது. ஈ. போட்டேவிட்டாள். கர்ர்ர். அழுத்தினாள். கர்ர். இன்னும் அழுத்தினாள், கட்டைவிரல் பின்னாலிருந்து வலித்தது, தந்திகள் இரண்டு பேசின, ஒன்று செத்துக் கிடந்தது, மோதிர விரல் மூன்று தந்தியின் மேலும் குறுக்கே கிடந்து தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. கூட்டமாக இருப்பதால்தான் என்று நினைத்தாள், மூன்று பேரை ஒருத்தன் தூக்கினால் கை ஆடாதா, ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம். விரலை நிமிர்த்தி இரண்டாம் தந்தியில் மட்டும், நாலாம் கட்டத்தில் வைத்தாள். ஒரே ஒரு சுரம். தட்டினாள். தம்பூராவோடு போய்ச் சேர்ந்தது, சேர்ந்து, கொஞ்சம் விலகி, மறுபடி சேர்ந்து, விலகி. நகத்தைப் பார்த்தாள். சின்ன ஆட்டம்தான், சீரான ஆட்டம், அவள் ஆட்டவில்லை. கமகம், பழக்கம், ஃபிடில் கை, என்று மனசு கடகடவென்று அடுக்க ஆரம்பித்து நடுவில் நின்றுபோனது. இது என்ன சுரம்? ஈ. ஈ என்றால்? ஸா. ஸாவை யார் அசைப்பார்கள்? ஸாவும் பாவும் அசையாத சுரம். எந்த ராகமானாலும், எந்தப் பாட்டானாலும், எப்பேர்ப்பட்ட வித்வானானாலும் அந்த இரண்டை மட்டும் அசைக்கமாட்டான், முதல் பாடத்திலேயே அது வந்துவிடும், பத்து வருஷப் பழக்கம் என்றால் பத்து வருஷமும் ஸாவை அசையாமல் பிடித்த பழக்கம். வகுளாபரணம் தெரிந்தவளுக்கு, ஆறு கட்டை மூன்று கட்டை பார்த்தவளுக்கு, இந்தச் சின்ன விஷயம் இத்தனை நாள் ஏன் உறைக்கவில்லை? உறைக்கவிடவில்லை. பா சுரத்தைப் பார்க்கலாம் என்று ஆள்காட்டி விரலைக் கடைசித் தந்தியில் வைத்தாள். பஞ்சமம். அதுவும் ஆடியது. விரலை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். பயம் என்றால் இத்தனை நாள் பட்டது பயமே இல்லை, அது பயத்தை வைத்துக்கொண்டு விளையாடினது, இதுதான் பயம். அப்பா, அப்பா என்று உதடு மட்டும் அசைந்தது. ஆனால் வார்டு? வார்டில் ஒன்றும் தப்பவில்லையே, அது நிஜம்தானே, அதையாவது பிடித்துக்கொள்ளலாம் இல்லையா. அதைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பூரா நின்று போன் அடித்தது. ஜெசிந்தா. வார்டில் அவளுக்கு அடுத்தபடி இருக்கிறவள், அவளிடம் வேலை பழகினவள், சொந்தத் தங்கச்சி மாதிரி.

"அக்கா, தூங்கிட்டிருந்தீங்களா?"

"இல்ல, சொல்லு."

"ஏழாம் மாசத்துலயே பொறந்த கொழந்த ஒண்ணு காலைல வந்துச்சுக்கா. போட்டிருந்த ட்ரிப்ஸ் லைன் வீங்கிப்போச்சு. நானும் குத்திப் பாத்துட்டேன், சாந்தாவும் பாத்துட்டா, கையி காலு எங்கயும் கெடைக்கல. மருந்து நிக்குது. டாக்டர் உங்களக் கூப்பிடச் சொன்னாரு."

ஊரில் இல்லை என்று சொல்லலாம். காய்ச்சல் என்று சொல்லலாம், நாத்தனார் வீட்டில் விசேஷம் என்று சொல்லலாம், பொய்க்கா பஞ்சம். போனுக்குள் வார்டின் சத்தம் கேட்டது, மெஷினின் பீப் பீப், யாரோ ஒரு தாய் மூக்கை உறிஞ்சுவது. ஏழாம் மாசம். அதன் முன்கை அவள் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். போனால் ஊசியை அவள் கையில் கொடுத்துவிட்டு எல்லாரும் ஒதுங்கி நிற்பார்கள், எப்போதும் போல. போகாவிட்டால் அந்தக் குழந்தைக்கு மருந்து ஏறாது. இப்படியும் அப்படியும் அவள் கைதான். போனைப் பிடித்த கை ஆடி, தோடு போனில் தட்டி டிக்டிக் என்றது. அந்தச் சத்தத்தை ஜெசிந்தாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

"ஜெசிந்தா, எனக்குக் கை ஆடுதுடி."

சொல்லிவிட்டாள். சொன்னதும் வானம் இடிந்து விழவில்லை.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"தெரியும். கோவிச்சுக்காதீங்கக்கா. அதனாலதான் கொழுகொழுன்னு இருக்குற புள்ளைங்களாப் பாத்து உங்க பக்கம் விட்டுட்டிருக்கோம். சின்னதுங்கள நாங்களே பாத்துக்கிட்டோம்."

"எப்பலேருந்து?"

"பொங்கலுக்கு முன்னாடிலேருந்து."

பொங்கலுக்கு முன்னாலா? இது பங்குனி. அவளுக்கே தெரியவந்தது மாசி பாதியில், இந்த உகுலேலேயைக் கையில் எடுத்த பிறகு. அதற்கு முன்னால் தை முழுக்க, அதற்கும் முன்னால், அவள் ஒன்றும் தெரியாமல் இடக்கை சிஸ்டராகக் கம்பீரமாக நடந்து போயிருக்கிறாள், பின்னால் வார்டே கண்ணால் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. நேற்று ஏறிய இரண்டும் நாலு கிலோக் குழந்தைகள். கண்ணை மூடிக்கொண்டு யார் குத்தினாலும் ஏறும். அபாரம்க்கா என்று சொன்னாளே சாந்தா, அந்தப் பொட்டச்சி. அவளுக்குக் கன்னம் இரண்டும் காந்தியது, கோபமா வெட்கமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பந்தியில் எதிர் இலையிலிருந்து பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள், பாவம் என்று குழாயைத் திறந்துவிடுகிறார்கள்.

"அப்பறம் எதுக்குடி இப்ப என்னக் கூப்புடுற?" அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. கூடத்தில் குறட்டை நின்றது.

"குத்துறதுக்கு இல்லக்கா." ஜெசிந்தா அவசரமாகச் சொன்னாள். "எங்களுக்கு எடம் தெரியல. நீங்க தடவிப் பாத்து எங்க இருக்குன்னு சொல்லுங்க. அது உங்க ஒருத்தருக்குத்தான் புலப்படும். ஊசிய நான் புடிச்சுக்கிறேன். வாங்கக்கா, நேரமாவுது."

அபயாம்பாள் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தாள். மறைக்க ஆள் இல்லாததால் அது பாட்டுக்குக் கிடந்தது. போகாமல் இருக்க எவ்வளவு ஆசையாக இருந்தது! கதவைத் தாழ்ப்பாள் போட்டபடி, எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை, எல்லாரும் எழுந்து போகும்வரை உள்ளேயே இருந்துவிடலாம். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம், அப்பா இருந்தார். "வரேன். கால் ரெண்டையும் சூடா வச்சிரு, மறுபடி யாரும் குத்திடாதீங்க" என்றாள். போனை வைத்தாள். உகுலேலேயைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தாள்.

கலியபெருமாள் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார், தலைமுடி ஒரு பக்கமாக நின்றது. "ஆஸ்பத்திரியா? ஞாயித்துக்கெழமகூட விடமாட்டானுவளா?"

"என்ன வண்டில கொண்டுபோயி விட்டுடுங்க."

"நீயே ஓட்டிட்டுப் போவியே?"

அவள் ஆணியிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினாள். இடது கையால் நீட்டினாள், தெரிந்துதான் நீட்டினாள். சாவிக்கொத்து கலகலவென்று குலுங்கிக்கொண்டே இருந்தது. அவர் சாவியைப் பார்த்தார், அப்புறம் கையைப் பார்த்தார், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சுங்க" என்றாள்.

அவர் எழுந்து வந்து சாவியை அவள் கையோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சாவிச் சத்தம் நின்றது. கை நிற்கவில்லை.